பூனை மணல் டிரேயை விட்டு வெளியே போகிறதா? அடிக்காதீர்கள்... உடம்பைப் பாருங்கள்!

வீட்டில் வளர்க்கிற பிராணிகளில் பூனையைப் போல் சுத்தம் பார்க்கிற பிராணி வேறு இல்லை. குழி பறிக்கும், உட்காரும், முடித்ததும் மண்ணைத் தள்ளி மூடும், ஒருமுறை முகர்ந்து பார்க்கும். திருப்தியானால்தான் இடத்தை விட்டு நகரும். இதை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. குட்டிக்கு மணலைக் காட்டினால் போதும், மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும்.

அப்படிப்பட்ட பூனை ஒருநாள் திடீரென்று சோபாவில் 'ஒண்ணுக்கு' போய்விடுகிறது. மறுநாள் துவைத்து மடித்து வைத்த பெட்ஷீட்டில். அதற்கு மறுநாள் பூஜை அறை வாசலில். வீடே அமளி துமளி!

"கொழுப்பு எடுத்துப்போச்சு அதுக்கு!"

"முந்தாநாள் ஒரு அடி போட்டேனில்ல... பழி வாங்குது பாருங்க!"

இப்படி ஆளாளுக்கு ஒரு காரணம். இரண்டு வாரம் பொறுப்பார்கள். மூன்றாவது வாரம் ஒரு சாக்குப் பை, ஒரு ஆட்டோ, நேராக எங்கள் உக்கடம் மீன் மார்க்கெட்! "அங்க போனா மீனைத் தின்னு பொழைச்சுக்கும்" என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டு வீடு திரும்பிவிடுகிறார்கள்.

பிழைப்பது கஷ்டம் என்பதுதான் உண்மை. சோபாவில் வளர்ந்த பூனைக்கு லாரியும் தெரியாது, தெருநாயும் தெரியாது. ஏற்கெனவே அங்கே குடியிருக்கிற பூனைகள் புது ஆளை லேசில் சேர்க்காது. வளர்த்த பிராணியை இப்படிக் கைவிடுவது 1960-ம் வருஷத்துப் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

'நீங்கள் மனுஷர்களுக்கு வைத்தியம் பார்க்கிற சித்த மருத்துவர் ஆச்சே, பூனையைப் பற்றி உங்களுக்கென்ன?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். உக்கடம், கோட்டைமேடு, கரும்புக்கடை பக்கமெல்லாம் பூனை வளர்க்கும் வீடுகள் நிறைய. நபிகளின் தோழர் அபூஹுரைரா என்ற பெயருக்கே 'பூனைக்குட்டியின் தந்தை' என்றுதான் பொருள். அந்தப் பிரியம் இங்கே இருக்கிற இஸ்லாமிய வீடுகளில் நன்றாகவே தெரியும். மற்ற வீடுகளிலும் இப்போது பெர்ஷியன் பூனை மோகம் வந்துவிட்டது. தனக்கு மூட்டு வலி என்று வருகிறவர்கள், கிளம்பும்போது "அப்படியே நம்ம பூனைக்கும் ஒரு கஷாயம் சொல்லுங்க" என்று கேட்காத வாரமில்லை. அவர்களுக்கு நான் சொல்வதைத்தான் இங்கே உங்களுக்கும் சொல்கிறேன்.

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் எங்களுக்கு முதலில் சொல்லித் தந்தது எண்வகைத் தேர்வு. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்று எட்டையும் பார்த்துத்தான் நோயை நிதானிக்க வேண்டும். மனிதன் என்றால் "என்னங்க செய்யுது?" என்று வாய்விட்டுக் கேட்டுவிடலாம். பூனையிடம் அது நடக்காது. மலமும் மூத்திரமும் காட்டுகிற மாற்றம்தான் அது நமக்குச் சொல்லுகிற சேதி. சோபா நனைந்தால் கோபப்படுவதற்கு முன்னால் அந்தச் சேதியைப் படித்துவிட வேண்டும்.

மண் தரை போச்சு... டிரே வந்தது!

நம் வீட்டுப் பூனையின் பாட்டன் முப்பாட்டன் எல்லாம் மேற்கு ஆசியா, வட ஆப்பிரிக்கா பக்கத்துக் காட்டுப் பூனைகள். வறண்ட பூமியில் வாழ்ந்த ஜாதி. அதனால்தான் இளகிய மணலைக் கண்டால் கால் தானாகப் பறிக்கிறது. தண்ணீர் குறைவாகக் குடிப்பதும், சிறுநீர் கெட்டியாக நெடி அடிப்பதும் அந்தப் பரம்பரைச் சொத்துதான்.

முன்பெல்லாம் வீட்டுக்குப் பின்னால் புழக்கடை இருந்தது. சாம்பல் கொட்டுகிற இடம் இருந்தது. பூனை எங்கே போகிறது என்று யாரும் கவலைப்பட்டதில்லை. இப்போது ஆத்துப்பாலம், குனியமுத்தூர் வரைக்கும் அடுக்குமாடி வீடுகள். மூன்றாவது மாடியில் மண்ணுக்கு எங்கே போவது? அதனால் டிரே வந்தது.

இந்த டிரேக்கும் ஒரு கதை உண்டு. 1947-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எட்வர்ட் லோ என்று ஒரு இளைஞர். மரத்தூளும், எண்ணெய் உறிஞ்சும் களிமண்ணும் விற்கிற குடும்பம். கடுங்குளிரில் மணல் உறைந்துபோனதால், பூனைக்குப் போட மணல் கேட்டு வந்தார் பக்கத்து வீட்டுப் பெண்மணி. லோ அவரிடம் களிமண் துகளைக் கொடுத்து அனுப்பினார். நம் பெண்கள் முகத்துக்குப் பூசுகிற முல்தானி மிட்டி இருக்கிறதே, அந்த ஜாதிக் களிமண்தான். ஈரத்தை உறிஞ்சியது, நெடியையும் அடக்கியது. அதுவே பிறகு பெரிய வியாபாரமாகிவிட்டது! இப்போது ஈரம் பட்டால் உருண்டையாகக் கட்டிக்கொள்ளும் 'பென்டோனைட்' மணல் பாக்கெட்டில் வருகிறது. நம் நாட்டில் குஜராத்தின் கட்ச் பகுதி இந்தக் களிமண்ணுக்குப் பேர்போனது.

சரி, விஷயத்துக்கு வருவோம். இத்தனை நாள் ஒழுங்காகப் போன பூனை ஏன் திடீரென்று டிரேயை வெறுக்கிறது?

முதல் சந்தேகம் உடம்பின் மேல்!

டிரேயை மாற்றுவது, மணலை மாற்றுவது எல்லாம் அப்புறம். முதலில் உடம்பு.

பூனைக்கு மூத்திரப்பை புண்ணாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டிரேயில் உட்காருகிறது. சுரீரென்று எரிகிறது. மறுபடி உட்காருகிறது, மறுபடி எரிச்சல். நமக்கென்றால் 'நீர்க்கடுப்பு' என்று புரியும். அதற்கு என்ன புரியும்? 'இந்த டிரேயில் உட்கார்ந்தால் வலிக்கிறது' என்பது மட்டும்தான் புரியும். உடனே வலிக்காத இடத்தைத் தேடிப் போகிறது. குளுகுளுவென்று இருக்கிற டைல்ஸ், பாத்ரூம் மூலை, மெத்தென்ற மெத்தை... இதில் திமிர் எங்கே வந்தது, பழி வாங்கல் எங்கே வந்தது?

மூத்திரப்பை அழற்சி, கல், வயதான பூனைக்கு வரும் சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை வியாதி (ஆமாம், பூனைக்கும் சர்க்கரை வரும்!) எல்லாமே இப்படி ஆரம்பிக்கலாம். சிறுநீரகக் கோளாறிலும் சர்க்கரையிலும் பூனை நிறையத் தண்ணீர் குடிக்கும், நிறையப் போகும். டிரே சீக்கிரம் நனைந்துவிடும், நனைந்த டிரேயில் கால் வைக்கப் பிடிக்காமல் வெளியே போகும்.

மலம் வெளியே போகிறதென்றால் மலச்சிக்கல், பேதி, குடல் பூச்சி இவற்றை யோசியுங்கள். பூனைக்குப் பால்தான் உணவு என்று நம்மவர்களுக்கு ஒரு நினைப்பு. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை. தினம் ஒரு கிண்ணம் பால் வைத்துவிட்டு, "டிரேக்குப் போறதுக்குள்ள வழியிலேயே போயிடுதுங்க" என்றால் குற்றம் பூனை மேல் இல்லை, பாலின் மேல்!

பத்து வயசு தாண்டிய பூனைக்கு மூட்டு வலி இருக்கலாம். டிரேயின் விளிம்பு உயரமாக இருந்தால் ஏறி இறங்க முடியாது. மாடிப்படியில் நீங்கள் எப்படி முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறீர்கள், அதே கதைதான்.

ஆண் பூனை... மூத்திரம் வரவில்லையா? ஓடுங்கள்!

இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்காதீர்கள்.

ஒரு கோடை நாளில் கரும்புக்கடையிலிருந்து ஒரு பாய் வந்திருந்தார். கூடவே காலேஜ் படிக்கிற மகள்.

"ஏனுங்க வைத்தியரே... நம்ம பூனைக்கு நேத்திருந்து மலச்சிக்கல். முக்கி முக்கிப் பாக்குது, ஒண்ணும் வரமாட்டேங்குது. விளக்கெண்ணெய் எத்தனை சொட்டு ஊத்தலாமுங்க?"

"பாய், மலம் வரலையா? இல்ல மூத்திரம் வரலையா?"

அவருக்குத் தெரியவில்லை. மகள்தான் சொன்னாள்: "நேத்து ராத்திரியிலிருந்து டிரேயில மணல் நனையவே இல்லீங்க அங்கிள். அப்பப்ப போயி உட்காந்து கத்துதுங்க. அத்தா காட்டின பாலைக்கூட மோந்து பாக்கல."

"ஆண் பூனையா கண்ணு?"

"ஆமாங்க."

"பாய், விளக்கெண்ணெய் வேண்டாம், என்கிட்ட மருந்தும் வேண்டாம். ஒரு நிமிஷம் தாமதிக்காம மாட்டாஸ்பத்திரிக்குப் போங்க. இது மூத்திர அடைப்பு!"

போனார்கள். மயக்கம் கொடுத்து, மெல்லிய டியூப் போட்டு அடைப்பை எடுத்தார்கள். மூன்று நாள் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைச்சல். பூனை பிழைத்தது. அதே கோடையில் இன்னொரு வீட்டிலிருந்தும் இதே கேள்வியோடு வந்தார்கள். அவர்கள் இரண்டு நாள் நெய்யும் விளக்கெண்ணெயும் ஊற்றிப் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் வந்தவர்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது.

ஏன் இவ்வளவு அவசரம்? ஆண் பூனையின் மூத்திரக் குழாய் மிகக் குறுகலானது. பொடி மணல் போன்ற உப்புப் படிகமோ, சளி போன்ற கட்டியோ போய்க் குழாயை அடைத்துவிடும். மூத்திரம் வெளியேற வழியில்லாமல் பை கல் மாதிரி இறுகும். உடம்பு கழிக்க வேண்டிய விஷம் ரத்தத்திலேயே தங்கும். பொட்டாசியம் ஏறும், அது ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். முழு அடைப்பு என்றால் ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடும்.

பார்ப்பதற்கு மலச்சிக்கல் மாதிரியே இருக்கும், அதுதான் ஆபத்து! இந்த அடையாளங்களை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்:

• அடிக்கடி டிரேக்குப் போகும், முக்கும், ஒரு சொட்டோ இரண்டு சொட்டோ வரும். அல்லது எதுவுமே வராது.
• மூத்திரத்தில் ரத்தச் சிவப்பு.
• பின்பக்கத்தை விடாமல் நக்கும்.
• அடிவயிற்றைத் தொட்டால் கத்தும், கடிக்க வரும்.
• சாப்பிடாது, வாந்தி எடுக்கும், மூலையில் சுருண்டு படுக்கும்.

இதில் மூத்திரம் வராமல் முக்குவது ஒன்றே போதும், ராத்திரி பன்னிரண்டு மணி என்றாலும் கிளம்ப வேண்டியதுதான். வயிற்றை அழுத்திப் பார்க்காதீர்கள், நிரம்பிய பை கிழிந்துவிடலாம். பெண் பூனைக்கு இந்த முழு அடைப்பு அபூர்வம். ஆனால் ரத்தம் கண்டால் அதையும் அன்றே காட்டிவிட வேண்டும்.

நெருஞ்சில் கஷாயம் கொடுக்கலாமா?

நீர்க்கடுப்புக்கும் கல்லடைப்புக்கும் நெருஞ்சில், பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிற பூளைப்பூ, அதாங்க சிறுபீளை... இவை எங்கள் வைத்தியத்தில் காலம் காலமாகக் கைகொடுக்கும் மூலிகைகள். அதனால்தான் "மனுஷனுக்குக் கேக்குற மருந்து பூனைக்குக் கேக்காதுங்களா?" என்று கேட்கிறார்கள்.

வேண்டாம். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன், வேண்டாம்!

மருந்தின் அளவும் குணமும் உடம்பைப் பொறுத்தது. இதே நெருஞ்சிலை மேய்ந்த ஆடுகளுக்குத் தென்னாப்பிரிக்காவில் ஒரு நோய் வருவதுண்டு. கல்லீரல் கெட்டு, வெயில் பட்டதும் முகமும் காதும் வீங்கி, மஞ்சள் பாய்ந்துவிடும். 'மஞ்சள் தடித் தலை' என்ற அர்த்தத்தில் அதற்கு அந்த ஊர் மொழியில் பெயரே வைத்திருக்கிறார்கள். நமக்கு மருந்தாவது ஆட்டுக்கு விஷமாகிறது பாருங்கள்.

பூனையின் கல்லீரலோ இன்னும் விசேஷம். நம் கல்லீரல் சுலபமாக முறித்து வெளியேற்றும் பல பொருள்களை அதனால் முறிக்க முடியாது. அதற்கு வேண்டிய ஒருவகை என்ஸைம் அதற்குக் குறைவு. காய்ச்சலுக்கு நாம் போடுகிற பாரசிட்டமால் 500 மி.கி. மாத்திரை ஒன்றே ஒன்று போதும், ஒரு பூனையைக் கொல்ல! நீலகிரித் தைலம், கற்பூரம், வலி நிவாரணி பாம் எதையும் அதன் உடம்பில் தடவக் கூடாது. பற்பம், செந்தூரம் பக்கமே போக வேண்டாம்.

அடைப்பு உள்ள பூனைக்குக் கஷாயம் கொடுத்தால் இன்னொரு கெடுதலும் உண்டு. போக வழியில்லாத பையில் மேலும் நீர் சேரும். அதைவிட முக்கியம், 'கஷாயம் கேட்கிறதா பார்ப்போம்' என்று நீங்கள் காத்திருக்கும் அந்த ஒருநாள்தான் அதன் உயிர்.

கால்நடை வைத்தியத்துக்கு நம் பக்கம் பஞ்சமில்லை. சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-லேயே தொடங்கியது. நம் கொங்கு மண்ணிலேயே நாமக்கல்லில் 1985 முதல் ஒரு கல்லூரி இருக்கிறது, உடுமலையிலும் வந்துவிட்டது. 'மாட்டாஸ்பத்திரி' என்று பெயர் சொன்னாலும் அரசு கால்நடை மருத்துவமனையில் பூனையையும் பார்ப்பார்கள்.

உடம்பு சரி... அப்புறம் என்ன?

டாக்டர் பரிசோதித்தாகிவிட்டது. கிருமி இல்லை, கல் இல்லை. ஆனாலும் சொட்டுச் சொட்டாகப் போகிறது, ரத்தம்கூட வருகிறது. இளவயதுப் பூனைகளில் இப்படித்தான் அதிகம்! இதற்கு மனக் கலக்கம் ஒரு பெரிய காரணம் என்று இப்போது கண்டிருக்கிறார்கள்.

அமெரிக்காவின் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் டோனி பஃபிங்டன் குழுவினர் 32 பூனைகளை 77 வாரம் கவனித்தார்கள். 20 பூனைகளுக்கு இந்த மூத்திரப்பை உபாதை இருந்தது, 12 பூனைகள் ஆரோக்கியமானவை. சோறு வைக்கிற நேரத்தை மாற்றுவது, பழகிய ஆளுக்குப் பதில் வேறு ஆள் வருவது போன்ற மாறுதல் வந்த வாரங்களில் என்ன ஆயிற்று தெரியுமா? நோயாளிப் பூனைகள் மட்டுமல்ல, ஆரோக்கியமான பூனைகளும் சரியாகச் சாப்பிடவில்லை, டிரேக்கு வெளியே போயின! 2011-ல் வெளியான ஆராய்ச்சி இது.

இப்போது உங்கள் வீட்டை நினைத்துப் பாருங்கள். கல்யாணத்துக்கு வந்த உறவினர் பத்து நாள் தங்கல், புதுக் குழந்தை, இன்னொரு பூனை, வெள்ளையடிப்பு, சோபா இடமாற்றம், பிள்ளை ஹாஸ்டலுக்குப் போனது... நமக்குச் சாதாரணம், அதற்கு உலகமே மாறிப்போச்சு! உக்கடம் மேம்பால வேலை 2018-ல் ஆரம்பித்து 2024 ஆகஸ்டில் பாலம் திறக்கிற வரைக்கும் அந்த ரோட்டோரத்து வீடுகளில் நமக்கே தலைவலி. இடி மாதிரி சத்தத்தில் கட்டிலுக்கு அடியில் பதுங்குகிற பூனை, டிரே இருக்கும் பால்கனிக்கு எப்படிப் போகும்?

சித்த மருத்துவம் பதினான்கு வேகங்களைச் சொல்கிறது. அவற்றை அடக்கினால் நோய் என்கிறது. மூத்திரமும் மலமும் அதில் சேர்த்தி. பயத்தாலோ அருவருப்பாலோ அடக்கி வைக்கிற பூனைக்கும் நீர் பையிலேயே தேங்கிக் கெட்டியாகும்.

இதற்கு மருந்தைவிட ஒழுங்குதான் பெரிது. சோறு ஒரே நேரத்தில். ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப் பெட்டி. ஏறி உட்கார ஓர் உயரமான அலமாரித் தட்டு. தினம் பத்து நிமிஷம் விளையாட்டு. அப்புறம் தண்ணீர். சிறுவாணித் தண்ணீரே வீட்டுக்கு வந்தாலும் பூனை தானாக அதிகம் குடிக்காது. சாப்பாட்டோடு கலந்துதான் உள்ளே அனுப்ப வேண்டும். மத்தியோ அயிலையோ வெறும் தண்ணீரில் வேகவைத்து, முள் எடுத்து, வெந்த தண்ணீரோடு வையுங்கள். எப்போதாவது கொடுக்க இது நல்லது, தினமும் இது ஒன்றே உணவாகக் கூடாது. மிச்சம் மீதி மீன் குழம்பு மட்டும் வேண்டவே வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்த அணுக்களை அழிப்பவை.

இன்னொரு விஷயம். இந்த உபாதை பல பூனைகளுக்கு ஒரு வாரத்தில் தானாகவே அடங்கிவிடும், பிறகு மறுபடி வரும். அந்த ஒரு வாரத்தில் எந்தக் கஷாயத்தைக் கொடுத்திருந்தாலும் அதற்கு 'கைகண்ட மருந்து' என்று பெயர் கிடைத்துவிடும்! ஏமாறாதீர்கள்.

டிரேயில் என்ன குறை?

உடம்பும் சரி, வீடும் அமைதி. அப்படியென்றால் குறை டிரேயில்தான்.

• எண்ணிக்கை: பூனை ஒன்று என்றால் டிரே இரண்டு. இரண்டு பூனைக்கு மூன்று. எல்லாவற்றையும் ஒரே மூலையில் அடுக்கினால் பூனைக்கு அது ஒரே டிரே கணக்குதான். வேறு வேறு இடத்தில் வையுங்கள்.
• அளவு: பூனையின் மூக்கிலிருந்து வால் ஆரம்பிக்கும் இடம் வரை அளந்து, அதைப்போல் ஒன்றரை மடங்கு நீளம் வேண்டும். கடையில் விற்கிற குட்டி டிரேக்களைவிட நம் வீட்டுத் துணி ஊறவைக்கிற அகலப் பிளாஸ்டிக் தொட்டியே மேல். முன்பக்கம் தாழ்வாக வெட்டிவிட்டால் கிழட்டுப் பூனைக்கும் சௌகரியம்.
• மூடி: மூடி போட்ட டிரே நமக்கு அழகு. உள்ளே நெடி அடைந்து நிற்கும், வெளியே என்ன நடக்கிறதென்றும் தெரியாது. பல பூனைகளுக்குப் பிடிப்பதில்லை.
• மணல்: வாசனை போட்ட மணல் வேண்டாம். மல்லிகை வாசம் நமக்குத்தான் பிடிக்கும். பொடியான மணலே பாதத்துக்கு இதம். இரண்டு மூன்று அங்குல ஆழம் போதும். பாக்கெட் மணல் கட்டுப்படியாகவில்லை என்றால் சலித்து வெயிலில் காயவைத்த மணல் போதும். எம்-சாண்ட் வேண்டாம், தூசியும் அதிகம், துகளும் கூர். மணலை மாற்றுவதானால் பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பத்து நாளில் மாற்றுங்கள்.
• இடம்: வாஷிங் மிஷின் பக்கத்திலோ, சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலோ, நாய் போகிற வழியிலோ வைக்காதீர்கள்.
• சுத்தம்: தினம் இரண்டு வேளை அள்ளுங்கள். வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். அள்ளினதைக் கக்கூஸில் கொட்டாதீர்கள், களிமண் கட்டிக்கொண்டு குழாயை அடைத்துவிடும்.

கதவில், சுவரில் பீய்ச்சுகிறதா?

உட்காராமல், நின்றபடி, வாலைத் தூக்கி நடுக்கிக்கொண்டே சுவரில் பீய்ச்சினால் அது வேறு சமாச்சாரம். 'இது என் எல்லை' என்று பட்டா எழுதுகிறது! பெரும்பாலும் வயசுக்கு வந்த ஆண் பூனைகள்தான். கருத்தடை ஆபரேஷன் செய்தால் பத்துக்கு ஏறக்குறைய ஒன்பது ஆண் பூனைகளில் இது நின்றுவிடும் அல்லது நன்றாகக் குறையும். ஐந்தாறு மாதத்திலேயே செய்துவிட்டால் பெரும்பாலும் பழக்கமே ஏற்படாது.

பினாயில் போடாதீர்கள்!

நனைந்த இடத்தை நாம் உடனே என்ன செய்வோம்? பினாயில்! கூடவே கூடாது. பினாயில் வகையறா பூனைக்கு விஷம். பாதத்தில் ஒட்டியதை நக்கியே உள்ளே இழுத்துக்கொள்ளும். அம்மோனியா கலந்த கிளீனரும் வேண்டாம், அதன் நெடி மூத்திர நெடி மாதிரியே இருப்பதால் மறுபடி அதே இடத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த கதையாகும். பிளீச்சிங் பவுடர் மூத்திரத்தோடு சேர்ந்தால் மூச்சைத் திணறடிக்கும் வாயு உண்டாகும், உங்களுக்கே ஆபத்து.

முதலில் துணியால் ஒற்றி எடுங்கள். என்ஸைம் கலந்த சலவைத் தூள் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்துத் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசுங்கள். காய்ந்த பிறகு சர்ஜிக்கல் ஸ்பிரிட் லேசாகத் துடைத்து உலரவிடுங்கள். அடுப்புப் பக்கம் ஸ்பிரிட் வேண்டாம். முழுக்க உலரும்வரை பூனையை அந்த அறைக்குள் விடாதீர்கள். செல்லப்பிராணிக் கடைகளில் இதற்கென்றே என்ஸைம் கிளீனரும் கிடைக்கிறது.

மூக்கைப் பிடித்து அந்த இடத்தில் தேய்ப்பது, அடிப்பது எல்லாம் வீண். அடித்தால் பூனைக்கு 'இங்கே போகக்கூடாது' என்று புரியாது. 'இவர்கள் பார்க்கும்போது போகக்கூடாது' என்றுதான் புரியும். அப்புறம் பீரோவுக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில்... கலக்கமும் கூடும், உபாதையும் கூடும்.

மகள் பிரசவத்துக்கு வருகிறாளா?

"அம்மிணி மாசமா இருக்கா, பூனையை எங்காவது விட்டுடலாமுங்களா?" என்பது மாமியார்களின் கேள்வி. பூனையின் மலத்தில் வரக்கூடிய 'டாக்ஸோபிளாஸ்மா' என்ற நுண்ணுயிரி, கர்ப்ப காலத்தில் முதன்முறையாகத் தொற்றினால் சிசுவைப் பாதிக்கலாம் என்பது உண்மை. ஆனால் மலத்தோடு வெளியே வந்த கிருமி தொற்றும் நிலைக்கு வர ஒன்றிலிருந்து ஐந்து நாள் ஆகும். தினம் தினம் அள்ளிவிட்டால் ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும். கர்ப்பிணி அள்ள வேண்டாம், மாப்பிள்ளை அள்ளட்டும்! வேறு ஆளே இல்லையென்றால் கையுறை, அப்புறம் சோப்பு. பூனைக்குப் பச்சை இறைச்சி போடாதீர்கள், எலி பிடிக்க வெளியே விடாதீர்கள். சரியாக வேகாத கறி, கழுவாத கீரை, தோட்ட மண் இவற்றாலும் இந்தக் கிருமி வரும் என்பதால் சமையலறையிலும் கவனம் வேண்டும். சந்தேகம் இருந்தால் மகப்பேறு டாக்டரிடம் சொல்லி ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம்.

ஆனால் டிரேக்கு வெளியே போகிற பூனை இருக்கிற வீட்டில் இந்தச் சுத்தம் நடக்காது. கட்டிலுக்கு அடியில் போனது நாலைந்து நாள் கழித்துத்தான் கண்ணில் படும். அதனால் மகள் வருவதற்கு முன்பே பூனையின் பிரச்னையைத் தீர்த்து வையுங்கள்.

இந்த வரிசையில் செய்யுங்கள்

1. முக்குகிறதா, மூத்திரம் வருகிறதா என்று முதலில் பாருங்கள். வரவில்லை என்றால் மற்றதெல்லாம் அப்புறம், உடனே ஆஸ்பத்திரி.
2. வருகிறது என்றாலும் இரண்டொரு நாளில் கால்நடை மருத்துவரிடம் காட்டிப் பரிசோதியுங்கள்.
3. எந்த இடத்தில், எத்தனை தடவை, வீட்டில் அன்று என்ன மாறுதல் என்று ஒரு வாரம் காலண்டரில் குறியுங்கள். டாக்டருக்கு அது பெரிய உதவி.
4. இரண்டாவது டிரே வையுங்கள். பூனை தேர்ந்தெடுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே முதலில் வைத்து, பழகியதும் தினம் கொஞ்சமாக நகர்த்துங்கள்.
5. நனைந்த இடங்களை முறையாகச் சுத்தம் செய்யுங்கள்.
6. கருத்தடை செய்யாத ஆண் பூனை என்றால் செய்துவிடுங்கள்.

இவ்வளவு செய்தும் மாதக்கணக்கில் தீராத பூனைகளும் உண்டு. அதற்கும் கால்நடை மருத்துவர்களிடம் மருந்து இருக்கிறது. சாக்குப் பையை எடுப்பதற்கு முன்னால் அவரிடம் இன்னொரு முறை போய் வாருங்கள். ராத்திரியிலும் பார்க்கிற கால்நடை மருத்துவர் உங்கள் ஏரியாவில் யார் என்று இன்றைக்கே விசாரித்து, அந்த போன் நம்பரைக் கேஸ் புக்கிங் நம்பருக்குப் பக்கத்திலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். ஆண் பூனை வளர்க்கிற வீடு என்றால் கண்டிப்பாக!